முன்பக்கம் அரசிக்கு, பின்பக்கம் கணக்குப்பிள்ளைக்கு

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் (சுருக்கமாக 'மெட்') பிரெஞ்சு மரச்சாமான்களுக்கென்றே சில அறைகள் இருக்கின்றன. வான்கோ எங்கே என்று தேடி வருகிற கூட்டம் அந்தப் பக்கம் வருவதில்லை. வந்தாலும் நாற்காலிகளைப் பார்த்து, "உட்கார விடுவார்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடும். நான் போனது ஓர் இழுப்பறைப் பெட்டிக்காக. ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரம், மேலே ஒரு பளிங்குப் பலகை. 1783-இல் ழான் ஆன்ரி ரீஸ்நர் என்ற தச்சர் பிரான்சின் அரசி மேரி அன்டோனெட்டுக்காகச் செய்தது. அதே வேலைப்பாட்டில் செய்த ஓர் எழுத்து மேசை அலமாரியும் அங்கேயே இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எனக்குப் பெட்டிதான் முக்கியம்.

முதலில் கண்ணில் படுவது இரண்டே நிறங்கள்: கறுப்பும் பொன்னும். உடம்பு ஓக் மரம். அதன்மேல் கருங்காலி வெனீர், அதாவது மெல்லிதாக அறுத்து ஒட்டிய மரத்தகடு. கருங்காலிச் சட்டங்களுக்கு நடுவே ஜப்பானியப் பலகைகள், பளபளக்கும் கறுப்பில் பொன் தூளால் தீட்டிய நிலக்காட்சிகள். அவற்றைச் சுற்றிலும் பொன்முலாம் பூசிய வெண்கலப் பூச்சரங்கள், பழமும் பூவும் தானியமும் வழிகிற கொம்புகள். பளிங்குக்குக் கீழே ஓடும் பட்டையில் அரசியின் பெயரின் முதலெழுத்துகளான 'எம்', 'ஏ' இரண்டும் பின்னிக்கொண்டு பூக்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப வருகின்றன.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தால்தான் வேலையின் தரம் தெரியும். பூச்சரத்தில் ஒரு பூ போல இன்னொரு பூ இல்லை. ஒன்றில் இதழ் விரிந்திருக்கிறது, பக்கத்தில் இருப்பது மொட்டு. இலையின் நரம்பைக்கூட உளியால் கீறியிருக்கிறார்கள். சில இடங்களில் பொன் மங்கலாக, சில இடங்களில் கண்ணாடி மாதிரி. அது தேய்மானம் இல்லை, வேண்டுமென்றே செய்தது. இவ்வளவு வெண்கலம் ஒட்டியிருக்கிறதே, திருகாணி எங்கே என்று தேடினால் கிடைக்காது. ரீஸ்நரின் தனி முத்திரை அது. மற்ற பட்டறைகளில் திருகாணித் தலை வெளியே தெரியும். இவர் ஓர் இலையின் அடியில், ஒரு பூவின் பின்னால் அதை ஒளித்துவிடுவார்.

இதெல்லாம் முன்பக்கத்துச் சமாசாரம். ஆனால், "இது அரசியுடையதா?" என்ற கேள்விக்கு முன்பக்கம் தரும் பதில் பாதிப் பதில்தான். 'எம்', 'ஏ' எழுத்துகளை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை வார்க்காத பாரிஸ் பட்டறை இல்லை என்றே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட சாமான்கள் அரச வீட்டுச் சொத்து என்று நிரூபணமாவது பெரும்பாலும் சுவரைப் பார்த்து நிற்கும் பின்பக்கத்தில்தான். சொரசொரப்பான ஓக் பலகை, கறுப்பு மையில் எழுதிய ஒரு எண், சில சமயம் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்ட ஒரு அடையாளம். கலைஞனின் கைவண்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. எனக்கு அந்தக் கணக்குப்பிள்ளைமேல்தான் மரியாதை.

அதற்கு முன் அந்த ஜப்பானியப் பலகைகள் பாரிசுக்கு வந்த கதை.

நம்மூர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. ஜப்பானிய வேலைக்குப் பயன்படும் உருஷி ஒரு மரத்தின் பால். மேலே பட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். அதை மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரக்காற்றில் உலரவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, இப்படிப் பல அடுக்குகள். கடைசி அடுக்கு காய்வதற்குள் பொன் தூளைத் தூவிப் படம் எழுதுவார்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும்தான் ஜப்பானில் வியாபாரம் செய்ய அனுமதி. அதுவும் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்கிற குட்டித் தீவுக்குள். அதே டச்சுக் கம்பெனிதான் அந்தக் காலத்தில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் உட்கார்ந்து நம் துணிகளைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. ஜப்பானிலிருந்து அவர்கள் கொண்டுபோன அலமாரிகளும் பேழைகளும் ஐரோப்பியச் சீமான்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

நூறு வருஷம் கழித்து பாரிஸ் வியாபாரிகள் அவற்றை என்ன செய்தார்கள் தெரியுமா? பிரித்தார்கள். பழைய பாணி அலமாரி யாருக்கும் வேண்டாம், அதன் தோல் மட்டும் வேண்டும். பலகையின் மேல்பூச்சோடு சேர்த்து மெல்லிய தகடாக அறுத்தெடுத்து, புதிய ஓக் உடம்பில் ஒட்டிவிடுவார்கள். மெட் பெட்டியில் இருப்பதும் பதினேழாம் நூற்றாண்டு உருஷிதான். அதாவது ரீஸ்நர் கைக்கு வரும்போதே அதற்கு ஒரு நூற்றாண்டு வயது. ஒரு ஜப்பானியக் கைவினைஞர் ஒரு முழுப் பொருளாக யோசித்துச் செய்ததை அறுத்துக் கூறுபோட்டதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறெரிகிறது. அதன் விளைவு கண்ணெதிரே இவ்வளவு அழகாக நிற்பதால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

மேரி அன்டோனெட்டுக்கு ஜப்பானியப் பொருள்மேல் ஏன் இந்த மோகம் என்றால், அம்மா வழி வந்தது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா வைரத்தைவிட இந்த உருஷிப் பொருள்களைப் பெரிதாக நினைத்தவர் என்று சொல்வார்கள். 1780-இல் அவர் இறந்தபோது மகளுக்கு ஐம்பது உருஷிப் பெட்டிகளை எழுதிவைத்தார். கையில் அடங்கும் சின்னச் சின்னப் பெட்டிகள். அவற்றை வெர்சாய் அரண்மனையில் தன் அந்தரங்க அறையில் அடுக்கி வைக்க அரசி ஏற்பாடு செய்தார். அந்த அறைக்குப் பொருத்தமாகத்தான் கறுப்பும் பொன்னுமாக இந்தப் பெட்டியும் அதன் ஜோடியான எழுத்து மேசை அலமாரியும் 1783-இல் வந்தன. அம்மா தந்த பெட்டிகளுக்குத் துணையாக மகள் செய்வித்த பெட்டி. அரண்மனை ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போக இந்த இடத்தில் மனம் வரவில்லை.

இனி ரீஸ்நர். ஊர் பாரிஸ் இல்லை. 1734-இல் இன்றைய ஜெர்மனியில், எஸ்ஸன் பக்கத்திலுள்ள கிளாட்பெக்கில் பிறந்தவர். பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்து, அவரைப் போலவே ஜெர்மானியரான ழான் பிரான்சுவா ஓபென் என்பவரின் பட்டறையில் சேர்ந்தார். ஓபென் பதினைந்தாம் லூயிக்கு வேலை செய்தவர். ராஜாவுக்கென்று ஒரு பெரிய சுருள்மூடி மேசையை 1760-இல் தொடங்கி, முடிக்காமலே 1763-இல் இறந்துபோனார். பட்டறை விதவையின் பெயரில் நடந்தது. ரீஸ்நர் அதை நிர்வகித்தார், அப்புறம் அந்த விதவையையே கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலப் பாரிஸ் பட்டறைகளில் இது சகஜம். உரிமமும் வாடிக்கையாளரும் கருவிகளும் ஒரே கல்யாணத்தில் வந்துவிடும். 1768-இல் தச்சர் சங்கத்தில் ஆசான் தகுதி பெற்றார். 1769-இல் அந்த மேசையை முடித்து அரண்மனைக்குக் கொடுத்தார். 62,000 லிவ்ருக்கு மேல் விலை (லிவ்ரு அன்றைய பிரெஞ்சுப் பணம்). பாரிசில் சாதாரணக் கூலிக்காரருக்கு நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை லிவ்ரு கிடைத்த காலம் அது.

1774-இல் பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்தார். ரீஸ்நர் அரச மரச்சாமான் துறையின் ஆஸ்தானத் தச்சரானார். அடுத்த பத்து வருஷத்தில் அவருக்கு அரண்மனை கொடுத்தது ஒன்பது லட்சம் லிவ்ருக்கும் மேல். அவர் கொடுத்த சாமான்கள் எழுநூறுக்கு மேல். 1786-இல் அந்துவான் வெஸ்தியே வரைந்த அவருடைய உருவப்படம் வெர்சாயில் இருக்கிறது. பட்டு மேலங்கி, லேஸ் மணிக்கட்டு, தானே செய்த மேசையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் உளி இல்லை, பென்சில் இருக்கிறது. அவ்வளவு பெரிய பட்டறைக்கு முதலாளி தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நியோகிளாசிக்கல் பாணி என்று பெரிய பேராகச் சொல்கிறார்களே, அது என்ன என்பதை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். அதற்கு முந்தைய தலைமுறைப் பெட்டிகளுக்கு வயிறு புடைத்திருக்கும், கால் வளைந்திருக்கும், நேர்கோடு என்பதே இருக்காது. இத்தாலியில் 1738-இல் ஹெர்குலேனியத்தையும் 1748-இல் பாம்பேயையும் தோண்டத் தொடங்கிய பிறகு ஐரோப்பாவுக்குப் பழைய கிரேக்க, ரோமானிய மோகம் பிடித்தது. தூண், பட்டை, வளையல்மாலை, நேர்க்கால். ரீஸ்நரின் தொடக்க காலப் பெட்டிகளில் இரண்டு பாணியும் சண்டை போடும். 1783 பெட்டியில் சண்டை முடிந்து சட்டங்கள் நேராகிவிட்டன. பூக்கள் மட்டும் அடங்கவில்லை. அரசிக்குப் பூ வேண்டும், கோயில் தூண் வேண்டாம். அந்த விருப்பத்துக்கு ரீஸ்நர் வளைந்து கொடுத்ததால்தான் அவருடைய நேர்கோடுகள் உயிரற்றுப் போகவில்லை என்பது என் கட்சி.

பொன்முலாம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அதற்குப் பின்னால் உயிர்ச்சேதம் இருக்கிறது. வெண்கலத்தை வார்த்து, உளியால் மாதக்கணக்கில் செதுக்கி, அதன்மேல் பொன்னையும் பாதரசத்தையும் குழைத்துத் தடவுவார்கள். நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும், பொன் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி முலாம் பூசுபவரின் நுரையீரலுக்குள் போகும். கை நடுக்கம், பல் விழுதல், சீக்கிரச் சாவு. பெட்டிக்குப் பக்கத்திலுள்ள அறிவிப்புப் பலகைகளில் அரசியின் பெயர் இருக்கும், ரீஸ்நரின் பெயர் இருக்கும். முலாம் பூசியவர்களின் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

சரி, பின்பக்கத்துக்குப் போகலாம்.

பிரெஞ்சு அரசரின் சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஒரு துறையே இருந்தது. கட்டில், திரை, நாற்காலி, விளக்கு எதுவானாலும் அதன் வழியாகத்தான் அரண்மனைக்குள் வரும். பதினாறாம் லூயி காலத்தில் அதன் தலைமையகம் இன்றைய கொங்கோர்ட் சதுக்கத்தில் இருந்தது. அந்தக் கட்டிடம் இப்போதும் கம்பீரமாக நிற்கிறது, 2021 முதல் பொதுமக்களும் உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்தத் துறை ஒரு பேரேடு வைத்திருந்தது. சாமான் வந்து இறங்கியதும் ஒரு வரிசை எண் போடுவார்கள். எந்தத் தேதி, யார் செய்தது, எந்த அரண்மனை, யாருடைய அறை, என்ன மரம், எத்தனை இழுப்பறை, நீளம் அகலம் உயரம் எத்தனை அடி, எத்தனை அங்குலம், எத்தனை நூல் என்று எழுதுவார்கள். அவர்களுடைய அடி நம் அடியைவிடக் கொஞ்சம் பெரியது, 32.5 சென்டிமீட்டர். எழுதி முடித்ததும் அதே எண்ணைச் சாமானின் பின்பக்கத்தில் மையால் தீட்டுவார்கள். இதைத் தவிர அரண்மனைகளுக்கென்று சூட்டு முத்திரைகள் உண்டு. கிரீடத்தின் கீழே இரட்டை 'வி' என்றால் வெர்சாய். 'எஃப்' என்றால் ஃபோந்தேன்ப்ளோ. 'எஸ்.சி.' என்றால் சான்-க்ளூ. மேரி அன்டோனெட்டின் சொந்தச் சாமான் கிடங்குக்குத் தனி முத்திரை இருந்தது.

நிலம் வாங்கும்போது நாம் தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோம், சர்வே எண் பத்திரத்திலும் கல்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறோம் இல்லையா? அந்தப் பேரேடுதான் தாய்ப்பத்திரம், பின்பக்க எண்தான் சர்வே கல். இரண்டும் பொருந்தி, அளவும் பொருந்தினால் வேலை முடிந்தது. வாய்வழிக் கதைகள் எதுவும் தேவையில்லை.

இது எவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மெட்டில் இல்லை, லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே ழில் ழூபேர் கொடுத்த ஓர் இழுப்பறைப் பெட்டி. ரீஸ்நருக்கு முன் ஆஸ்தானத் தச்சராக இருந்த முதியவர் அவர். பெட்டியின் பின்னால் 2556 என்ற எண். பேரேட்டில் அந்த எண்ணைத் தேடினால் 1769 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, வெர்சாயில் மாதாம் லூயிஸின் படுக்கையறைக்கு என்று இருக்கிறது. மாதாம் லூயிஸ் பதினைந்தாம் லூயியின் கடைசி மகள். 1770 ஏப்ரலில், அப்பாவின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, சகோதரிகளிடம்கூடச் சொல்லாமல் அரண்மனையை விட்டுக் கிளம்பி, சான்-தெனியில் இருந்த கார்மல் மடத்தில் கன்னியாஸ்திரியாகச் சேர்ந்துவிட்டார். பின்னலிட்ட மரப்பதிப்பும் பொன்முலாமுமாக மின்னுகிற அந்தப் பெட்டியை அவர் எட்டு மாதம்கூடப் பயன்படுத்தவில்லை. துறவு மனசுக்குள் முற்றிக்கொண்டிருந்தபோது புதுப் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. அழகைப் பார்த்து யாரும் இந்தக் கதையை ஊகித்திருக்க முடியாது. நாலு இலக்கம் சொன்ன கதை இது.

பேரேடுகள் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. சாமான்கள் உலகமெங்கும் சிதறிக் கிடந்தன. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலையை முறையாகச் செய்தவர் லூவ்ரில் இருந்த பியேர் வெர்லே. 1940-களிலிருந்து அவர் எழுதியவைதான் இன்றைக்கும் இந்தத் துறையில் அடித்தளம். அவருக்கு முன் 'அரசியின் மேசை' என்று வியாபாரிகள் சொன்னதெல்லாம் நம்பிக்கை சார்ந்த விஷயம்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அருங்காட்சியகங்கள் இந்தச் சாமான்களைச் சுவரோடு ஒட்டி வைக்கின்றன. அரண்மனையிலும் அப்படித்தானே நின்றன என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அரண்மனையில் யாரும் ஆதாரம் கேட்கவில்லையே. நாம் கேட்கிறோம். எண்ணும் முத்திரையும் உள்ள பலகையின் பெரிய படம் ஒன்றையாவது பக்கத்தில் மாட்டினால் என்ன குறைந்துவிடும்? பளிங்கைத் தூக்கினால் கீழே சட்டத்தில் தச்சரின் பெயர் இரும்பு அச்சால் அடித்திருப்பது வழக்கம். பாரிஸ் சங்கத்து விதி அது, அரசருக்கு வேலை செய்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அதையும் படமாகத்தான் பார்க்க முடிகிறது.

மெட் பெட்டியின் பயணத்துக்கு வருவோம். 1785-இல் அரசிக்காகச் சான்-க்ளூ அரண்மனை வாங்கப்பட்டது. இரண்டு, மூன்று வருஷத்தில் பெட்டியும் ஜோடியும் வெர்சாயிலிருந்து அங்கே இடம் மாறின. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789-இல், அக்டோபர் மாதம் கூட்டம் வெர்சாய்க்குள் புகுந்து ராஜ குடும்பத்தைப் பாரிசுக்கு இழுத்துக்கொண்டு போனது. போன சில நாட்களிலேயே அரசி செய்த காரியங்களில் ஒன்று, அம்மா தந்த உருஷிப் பெட்டிகளைத் தொமினிக் தாகேர் என்ற வியாபாரியிடம் பாதுகாப்புக்கு ஒப்படைத்தது. தலைக்குமேல் கத்தி தொங்கும்போது மனிதர்கள் எதைக் காப்பாற்ற நினைக்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு வரலாறு எழுதலாம். அந்தப் பெட்டிகள் தப்பின, இன்று பிரெஞ்சு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

1793 ஆகஸ்ட் 25 அன்று வெர்சாய் சாமான்களின் ஏலம் தொடங்கியது. சுமார் ஒரு வருஷம் நடந்தது. 17,182 தொகுதிகள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் தீர்வை இல்லை என்று விளம்பரமே செய்தார்கள். அரசாங்கத்துக்குத் தேவை பணம். ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே, அக்டோபர் 16 அன்று, அரசியின் தலை போனது. ஒரு பக்கம் கில்லட்டின், இன்னொரு பக்கம் "இந்தப் படுக்கைத் திரை, யார் கேட்கிறீர்கள்?" ஏலத்துக்குப் போகாத நல்ல சாமான்கள் பல, ராணுவத்துக்குக் குதிரையும் தீவனமும் சப்ளை செய்த ஒப்பந்தக்காரர்களுக்குப் பாக்கிக்கு ஈடாகப் போயின. காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்துகொண்டிருந்த நேரம். கருங்காலியும் பொன்முலாமும் அதைவிட நம்பிக்கையானவை.

அப்புறம் பெட்டி கடல் தாண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் அரண்மனையில் அது இருந்தது. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில், ஹாமில்டன் கோமகன்களின் வீடு. கடன் நெருக்க, 1882-இல் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் வழியாக அந்த வீட்டின் சேகரிப்பு முழுக்க ஏலத்துக்கு வந்தது. பதினேழு நாள் ஏலம், மொத்தம் நாலு லட்சம் பவுண்டை ஒட்டிய தொகை. மேரி அன்டோனெட்டின் பெட்டிக்கு 9,450 பவுண்ட், அதன் ஜோடிக்கும் அதே 9,450. அந்தக் காலத்துக்கு மரச்சாமானுக்குக் கேள்விப்படாத விலை. ஏலத்தில் கேட்டது ஒரு வியாபாரி. பொருள் போய்ச் சேர்ந்தது அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வில்லியம் கே. வாண்டர்பில்ட்டிடம். அவர் 1920-இல் இறந்தபோது இரண்டையும் மெட்டுக்கு எழுதிவைத்தார்.

இதில் ஒரு விசித்திரம். சான்-க்ளூ அரண்மனை 1870-இல் பிரஷ்யப் போரின்போது எரிந்து போனது. ஹாமில்டன் அரண்மனையின் அடியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டித் தோண்டி நிலம் இறங்கியதால் 1920-களில் அதை இடித்துவிட்டார்கள். ஐந்தாம் அவென்யூவில் வாண்டர்பில்ட்டின் மாளிகையையும் அதே 1920-களில் இடித்தார்கள். கற்கோட்டைகள் எல்லாம் போய், ஓக் பலகையில் ஒட்டிய மெல்லிய உருஷித் தகடு நிலைத்திருக்கிறது. தொடக்கத்தில் நின்ற வெர்சாய் மட்டும்தான் அதனுடைய பழைய வீடுகளில் மிச்சம்.

பணக் கணக்கும் பேசித்தான் ஆகவேண்டும். அரச பூர்வீகம் நிரூபணமான ஒரு பெட்டிக்கும், அதே தரத்தில் அதே தச்சர் யாரோ ஒரு பிரபுவுக்குச் செய்த பெட்டிக்கும் ஏலத்தில் விலை வித்தியாசம் பல மடங்கு. 1999 ஜூலையில் லண்டனில், நாஜிகள் 1938-இல் பறித்துக்கொண்டு போய் அறுபது வருஷம் கழித்து ஆஸ்திரிய அரசு திருப்பித் தந்த வியன்னா ரோத்ஸ்சைல்ட் குடும்பச் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அதில் ரீஸ்நர் வெர்சாய்க்குச் செய்த ஒரு பெட்டி எழுபது லட்சம் பவுண்டைத் தாண்டிப் போனது. இந்த அளவு பணம் ஒரு எண்ணின்மேல் நிற்கும்போது, அந்த எண்ணைப் பொய்யாக எழுதவும் ஆள் வருவார்கள்தானே.

வந்தார்கள். 2013-இல் பிரெஞ்சு அரசே தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்த ஒரு ஜோடி நாற்காலிகள் இருந்தன, மேரி அன்டோனெட்டுடையவை என்று பெயர். பிறகு பார்த்தால் அவை சமீபத்தில் செய்தவை. வெர்சாய் அரண்மனையே பணம் கொடுத்து வாங்கியவற்றிலும் அதே கைவேலை இருந்தது. 2016-இல் விஷயம் வெடித்தது. செய்தது தெருக்கோடி ஆசாமிகள் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு நாற்காலிகளில் நாட்டின் முதன்மை நிபுணர் என்று பெயரெடுத்த ஒருவரும், அரண்மனைக்கே சீரமைப்பு வேலை செய்த மரச்சிற்பி ஒருவரும். 2025-இல் பொந்துவாஸ் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்றது. எண் எங்கே இருக்கும், பேரேட்டில் எது காணாமல் போயிருக்கிறது, எந்த வகைப் பழைய மரம் வேண்டும் என்று எல்லாம் தெரிந்தவர்கள். தாய்ப்பத்திரத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் போலிப்பத்திரமும் எழுதத் தெரியும்.

நாற்காலியைவிட இழுப்பறைப் பெட்டியில் ஏமாற்றுவது கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெட்டிக்கு உள்பக்கம் அதிகம். இழுப்பறையின் அடிப்பலகை, மூட்டு, இரண்டரை நூற்றாண்டு இழுத்து இழுத்து ஓடுபாதையில் விழுந்த தேய்மானம், பளிங்கின் கீழே வெளிச்சம் படாத மரத்தின் நிறம். ரீஸ்நரின் மரப்பதிப்பு வேலைகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று சாயம் ஏற்றிய மரத்துண்டுகள் இருந்தன. இப்போது எல்லாம் தேன் நிறமாக மங்கிவிட்டன. முன்பக்கத்தைப் பார்த்து "என்ன நயமான பழுப்பு" என்று நாம் ரசிப்பது வெயில் செய்த வேலை. லண்டனின் வாலஸ் சேகரிப்பு, வாடெஸ்டன் மாளிகை, பிரிட்டிஷ் அரச சேகரிப்பு மூன்றும் சேர்ந்து ரீஸ்நரின் சாமான்களைக் கழற்றி ஆராய்ந்தபோது அந்தப் பழைய நிறங்களைக் கணினியில் மீட்டிக் காட்டினார்கள். கண்ணைப் பறிக்கிற கலர். அரண்மனைக்காரர்களின் ரசனை நாம் நினைக்கிற அளவுக்கு அடக்கமானது இல்லை.

ரீஸ்நர் என்ன ஆனார்? புரட்சிக்கு முன்பே அவருக்கு இறங்குமுகம். 1784-இல் அரச சாமான் துறைக்குத் தியெரி என்ற புதிய அதிகாரி வந்தார். பட்டியலைப் பார்த்தார், விலையைப் பார்த்தார், குறைந்த விலைக்குச் செய்கிற பென்னெமான் என்பவரிடம் வேலையைக் கொடுக்க ஆரம்பித்தார். அரசி மட்டும் ரீஸ்நரை விடவில்லை. புரட்சி வந்தபின் அந்தத் தியெரியை 1792 செப்டம்பர் படுகொலைகளில் வெட்டிப் போட்டார்கள். ரீஸ்நர் தப்பினார். 1794-இல் புதிய அரசாங்கம் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது: அரண்மனைச் சாமான்களில் இருக்கும் அரச சின்னங்களை அகற்ற வேண்டும். லில்லிப் பூ, கிரீடம், பின்னிய பெயரெழுத்து எல்லாம். தான் வார்த்துப் பொருத்தியதைத் தானே கழற்றினார், கூலிக்கு. மெட் பெட்டியின் 'எம்', 'ஏ' அந்தச் சுற்றில் தப்பியவை.

அதே காலத்தில் அவர் ஏலங்களுக்குப் போய்த் தன் பழைய சாமான்களைத் தானே வாங்கினார். நிலைமை சீராகும், பழைய விலைக்கு விற்கலாம் என்ற கணக்கு. தச்சு வேலையில் அவருக்கு இருந்த நிதானம் இந்தக் கணக்கில் இல்லை. புதிய பணக்காரர்கள் கேட்டது மகோகனி, வெறும் பரப்பு, எகிப்திய ஸ்ஃபிங்க்ஸ். பூச்சரத்தை யாரும் சீண்டவில்லை. 1806 ஜனவரி 6 அன்று பாரிசில் இறந்தார். மகன் ஆன்ரி பிரான்சுவா ஓவியர், பட்டறைப் பக்கம் வரவில்லை. மனைவிக்கு முதல் கணவர் ஓபென் மூலம் பிறந்த மகள் விக்துவார் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு 1798-இல் பிறந்த பையன்தான் ஓவியர் யூஜீன் தெலாக்ருவா. கையில் மூவர்ணக் கொடியோடு தடுப்புகளைத் தாண்டி வரும் சுதந்திரதேவியை 1830-இல் வரைந்தாரே, அவர்.